ஆறாயிரம் பேர் கடக்கும் கடவை

எங்கள் ஊரை ரயில் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊடறுத்துச் செல்கிறது. தண்டவாளக் கடவையை மறிக்கக் கேற் இல்லை. ஒரு மாசியில் அன்ரோனெற்றின் ஆடு அதில் ரயில் அடித்துச் செத்தது. அந்த வழியால்தான் அவளுடைய மகள் சுவேதினி பள்ளிக்கூடம் போகிறாள். ஆகவே, "மேன்மை தங்கிய ஐயா" என்று தொடங்கி, அன்ரோனெற் ரயில்வே மேலிடத்துக்கு ஒரு கேற் கேட்டு எழுதினாள்.

பதினொரு மாதம் ஆழ்ந்து சிந்தித்தபின் மேலிடம் கபிலன் என்ற உத்தியோகத்தரை அனுப்பியது. கடவையருகே கதிரை போட்டு, ஒரு நாள் முழுவதும் கடப்போரை எண்ணுவது அவர் கடமை.

"ஆக்கள் காணாதெண்டால் கேற் தரமாட்டாங்கள்," என்றார் வள்ளச் சொந்தக்காரர் பஸ்ரியன் சம்மாட்டி.

அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. பெருநாள் சுற்றுப்பிரகாரம்போல ஊரே தண்டவாளத்தை அங்கும் இங்கும் கடந்தது. பஸ்ரியன் தொப்பியோடு இருபது தடவை, தொப்பியில்லாமல் இருபது தடவை. தெருக் கழுதைகளும் அயல் மரியாதைக்குக் கூட வந்தன. கபிலன் அவற்றை "ஏனையோர்" என்று பதிந்தார்.

மொத்தம் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு.

ஆறு மாதத்தின்பின் கபிலன் ஒரு வரைபடத்தோடு வந்து, ஜீப்பின் முன்பக்கத்தில் அதை விரித்தார். தண்டவாளத்துக்கு மேலே, தூண்களில் நின்றது பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கந்தோர்க் கட்டிடம்.

"கேற் எங்க, தம்பி?" என்றாள் அன்ரோனெற்.

"ஐயாயிரத்துக்கு மேல எண்டால் அது நகர ரயில் பாதை, அக்கா. நகரத்தில நிலம் இல்லை. பாதைக்கு மேலதான் கட்டவேணும்."

அன்ரோனெற் சுற்றிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணலும் உடைமரமும்.

"உதுக்குள்ள என்ன கந்தோர்?"

"கடவைப் பாதுகாப்பு. கேற் கேக்கிறவை ஏழாம் மாடிக்கு வரலாம்."

"ஏழாம் மாடிக்கு எப்பிடிப் போறது?"

"லிப்ற் இருக்கு."

"லிப்ற்றுக்கு?"

கபிலன் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். "கடவையைக் கடந்து வரவேணும்."

"தம்பி, நாங்கள் பொய்க்கு நடந்தனாங்கள். உண்மையா ஒரு நாளைக்குக் கடக்கிறது நாற்பத்திமூண்டு பேர்தான்."

"எழுதித் தாங்கோ. ஆனால் ஐம்பதுக்குக் கீழ எண்டால் கேற் தேவையில்லை எண்டுதான் சட்டம்."

சாட்சிக்கு ஆள் தேடி அன்ரோனெற் திரும்பி ஊரைப் பார்த்தாள். எல்லோரும் வரைபடத்துக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

"உதில காவலுக்கு வோச்சர் வேலை வருமோ, சேர்?" என்றார் பஸ்ரியன்.

பொழுதுபடுவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு வேலை விண்ணப்பங்கள். வீட்டுக்கு ஒன்று, என் வீட்டிலிருந்தும் ஒன்று.

கட்டிடம் இன்னும் வரவில்லை. அதன் படம் தீட்டிய பெரிய பலகை வந்தது. கடவையோரம் நட்டார்கள், வருகிற ரயிலை அது அழகாக மறைக்கிறது. பலகையைக் காக்கும் வேலை பஸ்ரியனுக்குக் கிடைத்தது.

அன்ரோனெற் பழைய வலைக்கயிற்றில் மிதவைகளைக் கோத்து, காலை ரயில் நேரத்தில் தெருவுக்குக் குறுக்கே கட்டினாள். மூன்றாம் நாள் புதுச் சீருடையில் வந்து பஸ்ரியன் அதை அவிழ்த்தார்.

"என்ன அண்ணை, நீங்களுமோ?"

"ஆறாயிரம் பேர் போற பாதையை மறிக்கக்கூடாதாம், தங்கச்சி. மேலிடத்து ஓடர்."

இப்போது காலை ரயில் கூவும்போது அன்ரோனெற் இரண்டு கையையும் விரித்துத் தெருவில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவேதினி நிற்கிறாள். கழுதைகளும் நிற்கின்றன.

மற்றவர்கள் நிற்பதில்லை. நாங்கள் இப்போது நகரத்து ஆட்கள், எங்களுக்கு நேரமில்லை.