சீமை முத்திரை கேட்ட ஒரே கேள்வி

உலகத்துப் பள்ளிக்கூடங்களில் எது அசல், எது போலி என்று அரியலூரில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பள்ளியின் தலைமை குமாஸ்தாதான். திருச்சிக்கு அப்பால் போனவரில்லை. ஆனாலும் அவருக்குப் பெயர் 'சீமை முத்திரை'.

யுத்த காலத்தில் ரங்கூன், பினாங்கு, கொழும்பிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பிள்ளைகளுக்கு இடம் கேட்டு வந்தன. நான் உதவி குமாஸ்தா. சான்றிதழ்களை அவர் தொடவே மாட்டார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான்.

"இன்ஸ்பெக்டர் வந்த அன்னிக்கு உங்க ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

பினாங்குப் பையன் ஒருவன், ஐந்து முத்திரை குத்திய சான்றிதழோடு வந்தவன், "எப்பவும் போலப் பாடம் நடந்துச்சு சார்" என்றான். போலி என்று கீழ் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். கொழும்புப் பையனோ, பக்கத்துப் பள்ளியிலிருந்து உலக உருண்டையை இரவல் வாங்கி வைத்த கதையைச் சொன்னான். உடனே அசல்.

எனக்கு மனம் ஆறவில்லை. "என்னங்கய்யா நியாயம் இது?"

"அங்கீகாரம் இருந்தாத்தான்யா இன்ஸ்பெக்டர் வருவாரு. வந்தா எந்த ஸ்கூலும் நடிக்கும். நடிக்கலேன்னா, வரவேயில்லைன்னு அர்த்தம்."

ரங்கூனிலிருந்து நடந்தே வந்த சூசை, மகள் மேரியைக் கூட்டிவந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"மூணாம் பாரம், அதான் எட்டாங்கிளாஸ், முடிச்ச புள்ள சார். மறுபடி ஒண்ணாம் பாரத்துல போட்டா படிப்பே வேணாங்குது. ரொம்பக் கெட்டிக்காரி."

கேள்வி வந்தது. மேரி அப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. அன்னிக்கு என்னை மட்டும் வூட்லயே இருக்கச் சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"இன்ஸ்பெக்டர் என்கிட்ட ஏதாச்சும் கேட்டுடுவார்னு."

சூசையின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. சீமை முத்திரை பேனாவை எடுத்தார்.

"சுத்த அசல். நாலாம் பாரம்."

சில மாதங்களில் எங்கள் பள்ளிக்கே இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல். ஹெட்மாஸ்டர் ஏழு பேரை வீட்டிலிருக்கச் சொன்னார். முதல் பெயர் மேரி. ஆனால் அன்று காலை பார்த்தால் முன் பெஞ்சில் அவள். பக்கத்தில் காவலாகச் சீமை முத்திரை.

ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்தார். "உம்ம கணக்குப்படி இப்ப நம்ம ஸ்கூலே போலியாயிடுமேய்யா?"

"ஆனா ஆவட்டும் சார். இந்தப் புள்ள ஒரு தடவை வூட்ல உக்காந்தது போதும்."

இன்ஸ்பெக்டர் மேரியிடம் மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் அவள் எழுந்து நின்று, கணீரென்று, தப்பாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் சீமை முத்திரை, பெற்ற தகப்பனைப் போல, பூரித்துப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார்.