பக்கத்துக் காம்பரா நெஞ்சுவலி

பேச்சியம்மா மறுபடியும் ஹார்லிக்ஸ் கலக்கினாள். அவள் புருசன் முத்துலிங்கம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை அவர் பக்கம் வரவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டு, லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவுக்குக் கிளம்பினாள்.

“யாருக்கு?” என்றார், தெரிந்துகொண்டே.

“ஆண்டியப்பன் அண்ணனுக்குத்தான். அண்ணி கொழுந்து பறிச்சிட்டு மலையில இருந்து வர நேரமாகும்ல.”

“நானும்தான் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிட்டு வந்து நிக்கிறேன்.”

“உங்களுக்கு என்ன, நெஞ்சுவலியா வந்திருக்கு? பிளேன்டி இருக்கு, ஊத்திக் குடிங்க.”

பற்றிக்கொண்டு வந்தது முத்துலிங்கத்துக்கு. போன மாதம்வரை அந்த ஆண்டியப்பனை லயத்தில் நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தார், ராஜாவாகிவிட்டார். தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. வாசல் ஆணியில் தோடம்பழப் பை. மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே யாரையாவது எழுப்பி இடம் கொடுக்கிறான். ஒரு அட்டாக்கில் ஒரு மனுசன் இவ்வளவு சம்பாதிக்கலாமா? நியாயமா இது?

தனக்கும் ஒன்று வர வேண்டும் என்று முத்துலிங்கம் முடிவு செய்தார்.

விவரம் கேட்க நேரே ஆண்டியப்பனிடமே போனார். அந்தக் கதையைச் சொல்ல அவரை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

“நடு நெஞ்சுல பாறாங்கல்ல வச்சு அமுக்குன மாதிரி தம்பி. அப்புறம் இடது கையில எறங்குச்சு. வேர்த்து ஊத்திருச்சு. சில பேருக்கு நெஞ்சே வலிக்காதாம். தாடை, கழுத்து, முதுகுன்னு இழுக்குமாம், வாந்திகூட வருமாம். டாக்டர் சொன்னாரு.”

“அதெல்லாம் வேணாம்ணே. உங்களுக்கு வந்தத மட்டும் சொல்லுங்க.”

அன்று சாயங்காலமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்தார். பேச்சியம்மா கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

“வாயுவா இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டுத் தர்றேன். எனக்குந்தான் ரெண்டு நாளா கழுத்தும் முதுகும் விட்டு விட்டு இழுக்குது. கொழுந்துக் கூடைக் கயித்துல தலைய மாட்டுனா இழுக்காம என்ன செய்யும்? அதுக்காகப் படுத்தா அரைநாள் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம் போயிரும்.”

இஞ்சிச் சாறு தொண்டையை எரித்தது. அதைவிட, தன் வலிக்குப் போட்டியாக இவளும் ஒரு வலியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாளே என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோலியை முழுசாகச் செய்தார். நெற்றியிலும் சட்டையிலும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார். இடது கையைப் பிடித்தபடி, ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்து வாசலில் விழுந்தார். லயமே ஓடி வந்தது. பேச்சியம்மா அழுதுகொண்டே அவர் தலையை மடியில் எடுத்து வைத்தாள். ஆகா, இதுக்குத்தானே இத்தனை பாடு.

அந்தச் சுகத்திலும் மண் விழுந்தது. ஆண்டியப்பன் வந்துவிட்டார்.

“நடக்க விடாதீங்க. சாய்ச்சு உக்கார வைங்க. வாயு கீயுன்னு நேரத்தக் கடத்துனா ஆளு போயிரும். 1990க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்.”

எல்லோரும் வாயைப் பிளந்து ஆண்டியப்பனையே பார்த்தார்கள். விழுந்தவர் இவர், பெயர் தட்டிக்கொண்டு போகிறவர் அவர். முத்துலிங்கத்துக்கு நிஜமாகவே நெஞ்சு எரிந்தது. தவிர, இவர் போட்ட திட்டம் ஹார்லிக்ஸோடு முடிந்துவிடும். ஆஸ்பத்திரி அதில் கிடையாது.

“இப்ப பரவாயில்லண்ணே,” என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

“நானும் இப்படித்தான் தம்பி சொன்னேன். அமுக்கிப் பிடிங்கடா அவன.”

லயத்துக்கு ஆம்புலன்ஸ் ஏறாது. கம்பளியில் போட்டு நான்கு பேர் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பேச்சியம்மா பையோடு பின்னால் ஓடி வந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தாள், முகமெல்லாம் வேர்வை. மறுபடி எழுந்து ஓடி வந்தவள், பக்கத்தில் வந்த ஆண்டியப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

“அண்ணே, நீங்க ஓடாதீங்க. உங்க உடம்புக்கு ஆகாது.”

கம்பளிக்குள் முத்துலிங்கம் பல்லைக் கடித்தார்.

ஆம்புலன்ஸ் வளைவுகளில் திரும்பத் திரும்ப, அவள் ஒரு பையில் வாந்தி எடுத்தாள்.

“இன்னைக்கு ஒரு நாளாச்சும் என்னையக் கவனிக்கக் கூடாதா புள்ள?”

“கவனிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்று அவர் தலையைத் தடவினாள். கை சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வந்த தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் புருவத்தைத் தூக்கினார். முத்துலிங்கத்துக்கு இப்போது உண்மையிலேயே வேர்த்தது. குட்டு உடைந்தால் லயத்தில் தலைகாட்ட முடியுமா?

“நல்லா பாருங்க மிஸ், இடது கை அப்படியே இழுக்குது,” என்றார் நர்ஸ் ஷிராணியிடம்.

நர்ஸ் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, எப்ப இருந்து இப்படி?”

“எனக்கு ஒண்ணுமில்ல மிஸ். கூடை தூக்குற கழுத்து. அவரப் பாருங்க.”

நர்ஸ் அவளைக் கைத்தாங்கலாகத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மெஷினும் போனது. டாக்டரும் போனார். முத்துலிங்கம் தனியாகக் கிடந்தார். ஆண்டியப்பன் போதாதென்று, கட்டின பெண்டாட்டியே போட்டிக்கு வந்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது.

“மிஸ்,” என்று குரல் கொடுத்தார், “நோயாளி நானு.”

திரையைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் ஓடி வந்தாள்.

“நல்ல நேரத்துல கூட்டிக்கிட்டு வந்தீங்க ஐயா. கட்டில விட்டு எந்திரிங்க, அட்டாக் உங்க சம்சாரத்துக்கு.”