ஐஸ்பெட்டியில் ஒட்டிய சட்டம்

இந்தக் காலத்தில் பரீட்சை எழுதுவது ஒரு பிள்ளை, தண்டனை வீட்டுக்கே. பெற்றவர்களுக்கு முதுகெலும்பு கிடையாது. டியூஷன் வாத்தியார் தலைகீழாக நில் என்றால், எந்தச் சுவரில் என்று கேட்பார்கள்.

ஒரு வாரமாகப் பரமேஸ்வரன் இதை மனசுக்குள்தான் திட்டிக்கொண்டிருந்தார். வாய்விட்டுத் திட்ட வழியில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மகன் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இங்கிலீஷ் மட்டும்.'

பேத்தி ஷாமினி ஆறாம் படிவம், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. எஸ்.டி.பி.எம். பரீட்சைக்கு நாலு பாடம். அது போதாதென்று, பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மூவெட் என்று ஓர் ஆங்கிலச் சோதனை. இரண்டும் இந்த மாதமே. மூவெட்டில் நல்ல புள்ளி இல்லையென்றால் வக்கீல் படிப்பு கிடைக்காதாம்.

"ஸ்கூல் விட்டு வந்ததுலேருந்து படுக்குற வரைக்கும் வீட்டுல எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசணுமாம். டியூஷன் சார் சொல்லிட்டாரு" என்றாள்.

மகன் முகுந்தன் உடனே தலையாட்டினான். லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் லிப்டுக்குள் எழுதியிருப்பதுதான்: டோர் ஓப்பன், டோர் க்ளோஸ், ஓவர்லோட். மருமகள் தனலெட்சுமிக்கு அதுவும் கிடையாது.

முதல் நாள் பரமேஸ்வரன் டீ கேட்டார். "டீ. நோ சுகர்."

"ஓகே மாமா. நோ" என்றாள் தனலெட்சுமி. டீயே வரவில்லை.

மறுநாள் முகுந்தன் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று டிவியில் ஆங்கிலச் செய்தியை அலறவிட்டான். ஷாமினி அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"டிவி வேணாம்பா. அது வேற இங்கிலீஷாம். சார் சொன்னாரு."

சட்டம் போடுவதற்கு மட்டும் அவளுக்குத் தமிழ். டிவி அடங்கியது. தனலெட்சுமி கிள்ளானில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"போனும் கூடாதாம்மா. சார் சொன்னாரு."

பரமேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. "யாரு அந்தச் சாரு? வீட்டுக்குள்ள காலே வைக்காம எல்லார் வாயையும் தைக்கிறான்!"

"தாத்தா, இங்கிலீஷ்" என்று தாளைக் காட்டினாள் ஷாமினி.

புதன்கிழமை சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. தரை முழுக்கத் தண்ணீர். பரமேஸ்வரன் குழாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தனலெட்சுமி, சாப்பிட்டு மிச்சமிருந்த மீன்கறிச் சட்டியோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேசையில் நோட்டுகளைப் பரப்பி வைத்து ஷாமினி படித்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் வழுக்கி விழப்போகிறாள். இங்கிலீஷில் என்னவென்று சொல்வது? முப்பது வருஷம் லோரி ஓட்டிய வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"கோஸ்தான்! கோஸ்தான்!"

லோரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்துவார்களே, அதே சொல். தனலெட்சுமி சொன்னபடியே பின்னால் வந்தாள். ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்றாவது எட்டில் மேசை. மீன்கறி மொத்தமும் நோட்டுகளின் மேல்.

"ஐயோ தாத்தா! இதை வச்சுத்தான் படிக்கணும்! இன்னும் எட்டு நாள்தான் இருக்கு!"

"நில்லும்மான்னு தமிழ்ல சொல்லியிருந்தா நின்னிருப்பேன்லா மாமா!"

"தமிழ்ல சொன்னா அந்தத் தாளு விடுமா?"

"கோஸ்தான் இங்கிலீஷே இல்லப்பா" என்றான் முகுந்தன்.

"வெள்ளைக்காரன் செஞ்ச லோரியே அதுக்குக் கட்டுப்பட்டுச்சு. உனக்குப் புரியலையா? ஓவர்லோடு!"

மறுநாள் சாயங்காலம் பரமேஸ்வரன் சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த டியூஷன் சென்டருக்குப் படியேறினார். கவுண்டரில் சுமையா என்ற பெண் இருந்தாள்.

"சாரை வெளிய வரச் சொல்லு."

"கிளாஸ் எடுக்குறாரு அங்கிள். என்ன விஷயம்?"

"பேத்தி நோட்டுல மீன்கறி. வீட்டுல பைப்புத் தண்ணி. எனக்கு டீ இல்ல. எல்லாம் உங்க சார் போட்ட இங்கிலீஷ் சட்டத்தால!"

"யாரு பேத்தி?"

"ஷாமினி."

சுமையா பேனாவைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சாருக்கு ஒண்ணுமே தெரியாது அங்கிள். ஷாமினி இங்க வந்து அழுதிச்சு. வீட்டுல ஆளாளுக்குப் பேசிக்கிட்டே இருக்காங்க, ரெண்டு பரீட்சைக்கும் படிக்க முடியலக்கான்னு. வீட்டுல யாருக்கு இங்கிலீஷ் வரும்னு கேட்டேன், ஒருத்தருக்கும் வராதுன்னுச்சு. அப்ப இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொல்லிடு, கப்சிப்னு ஆயிடுவாங்கன்னு நான்தான் சொன்னேன்."

பரமேஸ்வரன் நம்பவில்லை. வாத்தியாரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள்.

"எங்க வீட்டுல அப்படி யாரு பேசுறா?" என்று ஆரம்பித்தவர், அதையே சொல்லிக்கொண்டு படியிறங்கி, பூக்கடைக்காரனிடம் சொல்லி, சிக்னலில் நின்ற ஆளிடம் சொல்லி, அவன் ரோட்டைத் தாண்டிப் போன பிறகும் சொல்லிக்கொண்டே நடந்தார்.