டல்சி நிற்க மறுத்த இடமும் நின்ற இடமும்

அன்புள்ள லவீனா அக்காவுக்கு, தம்பி ஓர்வல் பணிவுடன் எழுதுவது. இங்கே உன் குதிரை நலம். என் நலத்தை விசாரிக்காதே.

காட்டுப்பாதைக் குதிரைப் போட்டியில், குறித்த நேரத்துக்கு முந்தாமலும் பிந்தாமலும் டல்சியை ஒழுங்காகக் கூட்டி வந்தால் அவள் எனக்கு, இல்லையென்றால் என் பக்கத்து வீட்டு லைலின் மாட்டுப் பண்ணைக்கு என்று நீ சொல்லியிருந்தாய். சனிக்கிழமை குதிரை ஏற்றும் ட்ரெய்லரைக் கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போ. நான் தோற்றுவிட்டேன்.

புதுக் குதிரைக்குப் பதினைந்து மைல் போதும், பாதி வழி நடை, மீதி மெதுவான ஓட்டம், யார் முந்தினாலும் கண்டுகொள்ளாதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எனக்குப் புரிந்தது. டல்சிக்கு யார் சொல்வது? நெடுந்தூரப் போட்டிக்காரர்கள் எங்களுக்கு முன்னால் கிளம்பினார்கள். அந்தக் குதிரைகளின் வால் மரங்களுக்குள் மறைந்ததும் இவள் கனைத்த கனைப்பில் முகாமில் பலர் காப்பியைக் கொட்டினார்கள். எங்கள் முறை வந்ததும் பறந்தாள். கடிவாளம் என் கையில்தான் இருந்தது, அதனால் எந்தப் பயனும் இல்லை. ஓடையருகே குதிரை மருத்துவர் டோரிஸ் அவள் நாடியைப் பார்த்துவிட்டு, "இவ நாடி இன்னும் அடங்கல. கொஞ்சம் நில்லுங்க ஓர்வல்" என்றார். நின்றோம். மற்றவர்கள் கடந்து போகப் போக இவள் அழுதாள், நானும் ஏறக்குறைய அழுதேன். பிறகு டோரிஸ், "குதிரை அடங்கிருச்சு. எங்க, உங்க கையக் குடுங்க பாப்போம்" என்று என் நாடியைப் பிடித்துப் பார்த்தவர், உடனே தண்ணீர் கொடுத்தார்.

விட்டதும் மறுபடி ஓட்டம். சீக்கிரம் வந்தாலும் மதிப்பெண் போகும், உனக்குத் தெரியாததா. 'கடைசி இரண்டு மைல்' என்று எழுதிய பலகைக்கு இந்தப் பக்கமே நிறுத்தி நேரத்தைக் கழிக்கலாம் என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் அதைத் தாண்டினால் நிற்கக் கூடாது. நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கவில்லை. பலகையைத் தாண்டியதும், நிற்கவே கூடாத இடத்தில், நடுவரின் கண்ணெதிரே நின்று நிதானமாகப் புல் மேய்ந்தாள். கெஞ்சினேன், உதைத்தேன், இறங்கி இழுத்தும் பார்த்தேன். நடுவர், "ஓர்வல், அவ சாப்பிட்டு முடிக்கட்டும், நான் எழுதி முடிச்சிட்டேன்" என்றார். அவ்வளவு நேரம் மேய்ந்த பிறகும் நாங்கள் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தோம். நேரம் குறிக்கும் மேவிஸ், "என்னய்யா இது, நான் இன்னும் நாற்காலியே விரிக்கலையே" என்றாள். எனக்குக் கடைசி இடம். இந்த வயதில் இந்த அவமானம் எனக்குத் தேவையா அக்கா? என்னால் முடியவில்லை.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லாரும் நிதானமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
மனமுடைந்த தம்பி,
ஓர்வல்

பி.கு.: இதைத் தபால் பெட்டியில் போடப் புறப்பட்டபோது, கடைசியாக ஒரு நடை என்று டல்சியையும் கூட்டி வந்தேன். கயிறு தொய்ந்தபடியே என் பக்கத்தில் நடந்தாள். நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில் எல்லாம் தானும் நின்றாள். இந்த வரிகளை அவள் முதுகின் மேல் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், அசையவில்லை. கூட வருகிறவர் எந்த நடையோ அதுதான் இவள் நடை போலிருக்கிறது. அதனால் ட்ரெய்லரைக் காலியாகக் கொண்டு வராதே. எதற்கும் அவசரப்படாத உன் கிழட்டுக் குதிரை ஹாங்கை ஏற்றிக்கொண்டு வா, இலையுதிர்காலப் போட்டியில் நீ அவன் மேல் முன்னால் போ, நாங்கள் பின்னால் வருகிறோம். டல்சி உன் குதிரைதான், மறக்கவில்லை. ஆனால் அவளைக் கொடுப்பதற்கில்லை என்று லைலிடம் இப்போதுதான் சொல்லிவிட்டு வந்தேன்.