முப்பதாவது மாட்டேன்

இன்று காலை ஒரு வார்த்தை சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். ஒரே வார்த்தை. "மாட்டேன்."

சிரிக்காதீர்கள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் மனைவியிடம் அதை ஒரு முறைகூட நான் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான். ஆனாலும் விருப்பமில்லாததைத் தெரிவிக்க என்னிடம் ஒன்பது வழிகள் உண்டு. எண்ணி வைத்திருக்கிறேன். "பார்க்கலாம்", ஒன்று. "யோசிக்கணும்", இரண்டு. "இப்ப என்ன அவசரம்?", மூன்று. நான்காவது, இருமல். ஐந்தாவது, விழாத ஊசியைக் குனிந்து தேடுவது. மற்ற நான்கும் இருமலில் சின்னச் சின்ன மாற்றங்கள்.

தயக்கம், சுணக்கம், இழுபறி, அரைமனசு, வேண்டாவெறுப்பு என்று படித்தவர்கள் இதற்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் அத்தனைக்கும் ஒரே பெயர்: "அவர் சரின்னுட்டார்."

இந்த முறை அப்படி விட முடியாது. மனைவியின் அண்ணன் தன் வீட்டைப் பழுது பார்க்கிறார். மூன்று மாதம் எங்களோடு தங்க வேண்டுமாம். கூடவே, அவர் வளர்க்கும் எட்டுக் கிளிகளும். எந்த அறையில்? வெளிச்சம் வரும் ஒரே அறையில். என் மெஷினும் வெட்டு மேசையும் இருக்கிற அறையில். நான் சமையலறை மூலைக்குப் போக வேண்டும். அங்கே என் கண்ணுக்குக் கறுப்பு நூலும் நீல நூலும் ஒன்று.

பக்கத்துக் கடை சலூன்காரரிடம் புலம்பினேன்.

"அண்ணே, யோசிச்சாதான் தயக்கம் வரும். அவங்க கேட்டு முடிச்ச உடனே 'மாட்டேன்'னு போட்டுடுங்க. பின்னாடி ஒரு வார்த்தை சேக்கக் கூடாது."

"கோவிச்சுக்கிட்டா?"

"பாத்தீங்களா, யோசிக்கிறீங்க! கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகுங்க. ஒரு பத்து தடவை."

"பத்து போதுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு முப்பது."

குளியலறைக் கதவைத் தாழிட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து ஆரம்பித்தேன். முதலாவதுக்கு வாய்தான் அசைந்தது, சத்தமே வரவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பத்தில் குரல் திறந்தது. இருபதில் மீசை துடித்தது. சரியாக முப்பதில் நிறுத்தினேன். கண்ணாடியில் இருந்தவரைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

வெளியே வந்தால், வாசலிலேயே மனைவி. கையில் போன்.

"ஏங்க, அண்ணன் லைன்ல இருக்கார். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எட்டுக் கிளியோட வர்றதுக்கு ரொம்பக் கூச்சப்படறார். நீங்களே சொல்லுங்க, அவரை வர வேண்டாம்னு சொல்லிடுவீங்களா?"

"மாட்டேன்!"

துணியை வெட்டிய பிறகு அளவு தப்பு என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்பது தையல்காரனுக்குத்தான் தெரியும்.

"மாப்ளே!" போனுக்குள் அண்ணனின் குரல் தழுதழுத்தது. "என்ன உறுதியா சொல்றீங்க! இந்த மனசு யாருக்கு வரும்!" பின்னால் எட்டுக் கிளிகளும் ஆமோதித்தன.

"அது வந்து, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

இருமினேன். அதற்குள் மனைவி போனை வைத்துவிட்டு வெளிச்ச அறைக்குள் போயிருந்தாள்.

"மெஷினை அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன். தயங்கித்தான் பிடித்தேன். ஆனால், பிடித்தேன். பாதி தூரம் போனதும் சந்தேகம் வந்தது.

"நான் குளிக்கப் போனப்ப... ஏதாவது கேட்டுதா?"

"குழாய்ச் சத்தத்தையும் மீறித் தெருவுக்கே கேட்டுது."

"முப்பது தடவை சொல்லிப் பாத்தேன்டி," என்றேன்.

"உங்க கணக்கு என்னைக்குச் சரியா இருந்துது? உள்ளே இருபத்தொன்பதுதான். முப்பதாவதை அண்ணன்கிட்ட சொன்னீங்க."