கார்டு அண்ணே மாட்டிய சிவப்பு அட்டை

பினாங்குத் தீவிலேயே, டீ குடிக்கப் போகும்போது கம்ப்யூட்டருக்குக் காவல் வைத்துவிட்டுப் போன ஒரே மனிதர் எங்கள் கார்டு அண்ணேதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய இன்ஜினியர் அவர். நாற்பத்து மூன்று வயதில், இனிமேல் மென்பொருள்தான் என்று முடிவெடுத்து, கோர்ஸ் படித்து, ஜார்ஜ் டவுனில் எங்கள் சின்ன ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். ஆறு மாதம் புரோபேஷன். அவர் தேறுவாரா என்று எழுதிக்கொடுக்க வேண்டியவன், அவருடைய டீம் லீடரும் அவரைவிடப் பதினான்கு வயது சின்னவனுமான நான்.

முதல் நாளே இரும்பு முனை வைத்த பூட்ஸோடு வந்தார்.

"அண்ணே, இங்க கால்ல விழற மாதிரி ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

"கீபோர்டு விழும்ல தம்பி" என்றார்.

புரோகிராம் நின்றுபோனால் நாங்கள் திரையைப் பார்ப்போம். அவரோ காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் கம்ப்யூட்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "சூடு இல்ல லா. அப்ப தப்பு நான் எழுதுனதுலதான்" என்று சமாதானமாவார்.

ஆனால் அவருக்குக் 'கார்டு அண்ணே' என்று பெயர் வாங்கிக்கொடுத்தது ஒரு சிவப்பு அட்டைதான். 'தொடாதே. ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதி, கீழே தன் பெயரும் போட்டிருப்பார். பாதி வேலையில் எழுந்தால் அதைத் திரையில் மாட்டாமல் நகர மாட்டார். ஆபீசே சிரித்தது. ஒருநாள் சூலியா தெருவில் டீ குடிக்கும்போது நானும் கிண்டலாகக் கேட்டுவைத்தேன்.

"ஃபேக்டரில மெஷின நிறுத்தி உள்ள கை விட்டா, சுவிட்சுல கார்டு மாட்டணும் தம்பி. மாட்டுன ஆளுதான் எடுக்கணும். ஒரு நாள் வேற ஒருத்தன் எடுத்துட்டான். என் கூட்டாளிக்கு ரெண்டு விரலு போச்சு."

டீயை ஊதிக்கொண்டே, "இந்த வேல கன்ஃபர்ம் ஆகணும். இந்த வயசுல திரும்பிப் போனா எந்த ஃபேக்டரியும் எடுக்காது. தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் வேண்டியிருக்கேன்" என்றார்.

இத்தனையும் காதால் கேட்ட நான் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். புரோபேஷனின் கடைசி வாரம். லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடைக்குப் பில் போடும் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தவர், அட்டையை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். "கடைக்காரரு இப்பவே வேணுங்கிறாரு" என்று மேனேஜர் குதித்தார். எல்லாம் முடிந்திருக்கும் என்ற நினைப்பில், அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பட்டனைத் தட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டேன். போனது பாதித் திருத்தம்.

ஐந்து நிமிடத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, வித்தது ஒரே ஒரு சேல. பில்லு நிக்காம வந்துகிட்டே இருக்கு. வாசலத் தாண்டிருச்சு."

"அந்த ஃபேக்டரி ஆள வீட்டுக்கு அனுப்பிரு" என்றார் மேனேஜர். நான் கடைக்காரருக்குப் பதில் சொல்லும் சாக்கில் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

அண்ணே வந்தார். மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். பிறகு மேனேஜரிடம், "நான்தான் கார்ட சரியா மாட்டல பாஸ். விழுந்துருச்சு" என்றார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"விழல பாஸ். நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். வேலை நிரந்தரமானது அவருக்கு. தைப்பூசத்தன்று அவர் பால்குடத்தோடு வெறுங்காலில் தண்ணீர்மலை ஏறினார். அவருடைய இரும்பு பூட்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது அவருடைய டீம் லீடர். அந்தக் கனத்தை என் கை இன்னும் மறக்கவில்லை.

போன வருடம் கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. கடைசி நாள், நான் டீக்குப் போன நேரமாகப் பார்த்து, அந்த அட்டையை என் திரையில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் இல்லாத ஆபீஸ் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா வாரத்துக்கு ஒருமுறை கேட்பார். "தூசி புடிச்சுக் கெடக்கு தம்பி. எடுத்துரட்டா?"

"வேணாங்க்கா. மாட்டுன ஆளுதான் எடுக்கணும். அவரு வரட்டும்."