பேத்தமங்களா ஏரியைத் தாண்டியவன்

"இன்னாபா, கணுக்கால் நனையறதுக்குள்ளயே வாய் ஜெபம் பண்ணுது?" என்று கேட்டான் ராஜப்பா.

ஜெயகரன் சட்டென்று காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டான். "ஜெபமெல்லாம் இல்ல. ஏரி எவ்ளோ ஆழம்னு பாக்கறேன்."

"பார்த்துட்டியா?"

"ஆளை முழுங்கற ஆழம்."

ஜெயகரன் கோழை இல்லை. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்குள்ளே பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. தலைக்கு மேலே பாறை முனகினாலும் வெற்றிலையை மென்றுகொண்டே அடுத்த மரத்தை எடுப்பான். ஆனால் தண்ணீர் வேறு விஷயம். பிறந்தது ஆம்பூரில், பாலாற்றங்கரையில்தான். அந்தப் பாலாற்றின் யோக்கியதை ஊருக்கே தெரியும். அங்கே மணலில் ஓடலாம், உருளலாம், ஊற்றுத் தோண்டி ஒரு சொம்பு மொள்ளலாம். நீந்துவதற்கு மட்டும் வழியே கிடையாது.

இதை அவன் போன மாதமே சொல்லித் தொலைத்திருக்கலாம். அத்தையைக் கூட்டிக்கொண்டு வேதக் கோயில் உபதேசியார் பர்னபாஸ் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனான். கடைசி மகள் லூயிசாவை. கோயிலில் பாட்டுக் கூட்டத்தின் முன்வரிசையில் அவளைப் பார்த்த நாளிலிருந்தே, கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் இந்த ஜென்மமே தண்டம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

உபதேசியார் சம்பளம் கேட்கவில்லை, சொந்தபந்தம் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பிக்கு நீச்சல் தெரியுமா?"

"பாலாத்தங்கரையில பொறந்தவனைப் பார்த்து இன்னா கேள்வி ஐயா இது?"

"நெசமாவே தெரியுமா?"

"மீனுங்க எங்கிட்ட வந்து கத்துக்கும்."

உபதேசியார் தாடியைத் தடவினார். "ஈஸ்டருக்கு மறுநாள் சபையார் எல்லாரும் பேத்தமங்களா ஏரிக்கு வனபோஜனம் போறோம். நீங்களும் வாங்க. பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்றால் வேறென்ன, பரீட்சைதான்! இதோ மாட்டு வண்டிகள் வந்தாயிற்று. பெண்கள் ஆலமரத்தடியில் சோற்றுக் குண்டானை இறக்கியாயிற்று. உபதேசியாரின் மூத்த மாப்பிள்ளைகள் சாம்ராஜும் எட்மண்டும், வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து ஏரியில் விழுந்தாயிற்று. இருவரும் நடுத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார்கள்; சுருட்டுப் புகை மட்டும்தான் விடவில்லை.

"வாங்க மச்சான்!" என்று சாம்ராஜ் கூப்பிட்டான்.

ஜெயகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பயந்தவன் என்று பெயர் வாங்குவதைவிடப் பெரிய ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"இந்தக் கரையோரத் தண்ணியிலயா? இதுல நீந்தினா எனக்கு முட்டி இடிக்கும்!"

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! எட்மண்ட் துள்ளி நிமிர்ந்தான். ஏரியின் ஒரு பக்கம் கை நீட்டினாற்போல் ஊருக்குள் வளைந்து கிடந்தது. அதற்கு அக்கரையில் கோரைப்புதர் அடர்ந்திருந்தது.

"அப்ப ஆழத்துலயே வெச்சிக்கலாம். அதோ, அந்தக் கோரை வரைக்கும். மூணு பேரும். ஜெபம் முடிஞ்சதும்!"

பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டிருந்த லூயிசா தலை நிமிர்ந்து ஜெயகரனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்த ஆம்பிளை மாட்டேன் என்பான்? "ஆகட்டும்" என்றான் ஜெயகரன்.

ராஜப்பா அவனைப் புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். ராஜப்பா சுரங்கத்தில் கை ராட்டினம் சுற்றுகிறவன். குழிக்குள் வாளியையும் ஆளையும் இறக்கி ஏற்றுவதில் பெயரெடுத்தவன்.

"பயப்படாதே. உன்னை நான் ஏத்தி இறக்காத குழியா? வண்டியில சுருள் சுருளாக் கயிறு கீது. உன் இடுப்புல ஒரு முனை, எங்கிட்ட ஒரு முனை. தண்ணிக்கு அடியில கயிறு யாருக்குத் தெரியும்? நீ கையைக் காலை அடிச்சிக்கினு இரு. நான் இழுத்துக்கறேன்."

"அக்கரைக்குக் கயிறு எப்பிடிப் போவும்?"

"உங்க உபதேசியாரு ஜெபம் பண்ணுவாரில்ல? எல்லாரும் கண்ணை மூடிக்குவீங்க. நான் இன்னாத்துக்கு மூடப்போறேன்?"

அது பலித்தது. உபதேசியாரின் ஜெபம் ஆதாமில் கிளம்பி, நோவா பேழையில் ஏறி, சுரங்கத்துத் துரைமார் வரைக்கும் வந்து சேர்வதற்குள், ராஜப்பா தண்ணீர் முடிகிற முனையைச் சுற்றி நடந்து கயிற்றை அக்கரையில் சேர்த்துவிட்டான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கயிறு அடியில் மூழ்கிக் கிடந்தது. ஜெயகரன் வேட்டிக்குள் முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது.

அக்கரையில் ராஜப்பாவுக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது. வாளி என்றால் ராட்டினம் இருக்கிறது. இங்கே வெறுங்கை. எழுபது கஜம் ஓர் ஆளை இழுக்க முடியுமா? கோரையின் மறைவில் அவிழ்த்து விட்ட வண்டி மாடுகள் இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. ராஜப்பா அவற்றை ஜோடியாகப் பிணைத்துக் கயிற்றையும் கட்டிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றான் சாம்ராஜ்.

ஜெயகரன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். கயிற்றை மூன்று தடவை சுண்டினான். சுரங்கத்தில் அதற்கு 'ஏற்று' என்று அர்த்தம். ராஜப்பா மாட்டின் வாலை முறுக்கினான்.

அப்புறம் நடந்ததை ஜெயகரன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான். இடுப்பு முன்னால் போயிற்று, மற்றதெல்லாம் பின்னால் வந்தது. வாய்க்குள் ஏரி புகுந்தது. "நிறுத்துடா! டேய், நிறுத்துடா!" என்று அலறினான்.

ராஜப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் பத்து வருடம் ராட்டினம் பிடித்தவன் அவன். குழிக்குள்ளிருந்து வருகிற கூச்சலை நம்பக்கூடாது, எதிரொலியில் எவன் குரலென்று தெரியாது, கயிறு சொன்னால்தான் நிறுத்தவேண்டும் என்பது சுரங்கத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஒரு சுண்டு சுண்டினால் நிறுத்திவிடுவான். விறைத்த கயிற்றை எங்கே சுண்டுவது? ஜெயகரன் இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்து அறைந்து கயிற்றைத் தேடினான்.

"ஐயையோ, கையைப் பாருங்கடி! இன்னா வீச்சு!" என்று கரையில் பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

சாம்ராஜும் எட்மண்டும் பாதித் தூரம் வருவதற்குள் ஜெயகரன் அக்கரை சேர்ந்தான். சேர்ந்த இடத்தில் மாடுகள் நிற்கவில்லை. கோரையைப் பிளந்து, சேற்றைக் கடந்து, ஒரு கேழ்வரகுக் காட்டின் பாதி வரை அவனை இழுத்துக்கொண்டு போயின. ராஜப்பா ஓடிவந்து முடிச்சை அவிழ்த்தான்.

"சொன்னேனே, கேட்டியாடா பாவி?"

"வாயால சொன்னே. கயித்தால சொன்னியா?" என்றான் ராஜப்பா நியாயமாக.

ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதானே! ஜெயகரன் கோரையை விலக்கி, சேறும் பாசியுமாக, இடுப்பில் கை வைத்து நின்றான். இக்கரையில் சபையார் தொப்பியையும் துண்டையும் வீசினார்கள். நீந்தி வந்து சேர்ந்த எட்மண்ட் அவன் காலைத் தொடாத குறை.

"தண்ணியைக் கிழிச்சிக்கினு போனீங்களே மச்சான்! இனிமே ஞாயித்துக்கெழமை தவறாம எங்களோட வந்துடணும்!"

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்றான் ஜெயகரன். வயிற்றுக்குள் ஏரி தளும்பியது.

கரையைச் சுற்றி நடந்து வந்து அவன் நேராக உபதேசியார் முன்னால் போய் நின்றான்.

"பார்த்தீங்களா ஐயா?"

"பார்த்தேன் தம்பி." அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான் என்று ஜெயகரனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அப்ப கோயில்ல கல்யாண ஓலை எப்ப வாசிக்கலாம்?"

உபதேசியார் அவன் தோளை மெதுவாகத் தட்டினார். "கர்த்தர் உங்களுக்கு வேற எடத்துல நல்ல பொண்ணா வெச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் நடந்தார். லூயிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

ஜெயகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குண்டான் கழுவிக்கொண்டிருந்த உபதேசியார் மனைவி ஜூடித் அம்மாவிடம் ஓடினான்.

"இன்னாம்மா இது? இந்த நீச்சல் போதலையா? இன்னும் ரெண்டு தபா தாண்டிக் காட்டட்டுமா?"

ஜூடித் அம்மா பெருமூச்சு விட்டாள். "நீ வேற ஏம்பா! பெரிய மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமையானா கோயிலை விட்டுட்டு இந்த ஏரியிலதான் கெடக்கறாங்க. அந்த அவமானம் தாங்காம, கடைசிப் பொண்ணையாவது தண்ணியைக் கண்டா நடுங்கறவனுக்குத்தான் குடுப்பேன்னு அவரு கர்த்தர்கிட்டப் பொருத்தனை பண்ணியிருக்காரு."